கடல் தாண்டி வந்த குரல்கள்

பாம்பன்ல எங்கள் வீட்டு ட்ரான்சிஸ்டரில் சென்னை வானொலி கரகரக்கும், கொழும்பிலிருந்து வரும் இலங்கை வானொலி கணீரென்று கேட்கும். தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னார் முப்பது கிலோமீட்டர்தானே. வானொலியின் மத்திய அலைக்கு (மீடியம் வேவ்) உப்புக் கடல் நல்ல பாதை, தரையைவிடக் கடல்மேல் வெகுதூரம் வரும்.

1952 வாக்கில் நம் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியது. 1957ல் சினிமாப் பாட்டு போடும் அதன் விவித் பாரதி சேவை வரும்வரை இலங்கை வானொலிதான் பாட்டுப் பசியைத் தீர்த்தது. அப்புறமும் எங்கள் கரை கொழும்பை விடவில்லை.

காரணம் அறிவிப்பாளர்கள். மயில்வாகனன், ராஜேஸ்வரி சண்முகம், மூச்சுவிடாமல் பேசும் கே.எஸ். ராஜா, ஒவ்வொரு எழுத்தையும் அதன் இடத்தில் வைத்து உச்சரிக்கும் பி.எச். அப்துல் ஹமீத். படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் எல்லாரையும் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். பள்ளிக்கூடம் போகாத என் அப்பா வலை பின்னிக்கொண்டே, முதல் வரியிலேயே கவிஞர் பெயரைச் சொல்வார். கவிஞருக்கு அதைவிட என்ன மரியாதை வேண்டும்?

ஹமீத் அவர்களின் ‘பாட்டுக்குப் பாட்டு’ பின்னாளில் தொலைக்காட்சிக்கு வந்தபோது ஊரே பார்த்தது. நாங்கள் அதை வானொலியில் கேட்டே, கரையில் படகு நிழலில் உட்கார்ந்து ஒருவர் எழுத்து கொடுக்க, அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டை மற்றவர் பாடி வளர்ந்தவர்கள். ழகரம் தவறினால் அம்மா, “ஹமீது எப்படிச் சொல்றாருன்னு கேளுடா” என்பார்.

இன்று போனில் எந்தப் பாட்டும் கிடைக்கிறது. எழுதியவர் பெயரைச் சொல்லும் குரலைத்தான் காணவில்லை. அந்தப் பழைய பெட்டி இன்னும் அப்பாவின் அலமாரியில் இருக்கிறது. நேற்று பேட்டரி வாங்கிப் போட்டேன்.