பழைய மாடல் பிளவுஸுக்குத் தோள்பட்டைதான் முதல் வேலை

சுங்குடிச் சேலைக்குப் பாட்டி காலத்து பிளவுஸ் வேண்டும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கையை மட்டும், தோளில் சுருக்கி உப்பலாக நிற்கும் பஃப் கையாக மாற்றச் சொல்கிறார்கள். முதுகில் 9 அங்குலம் இறங்கிய கழுத்து அப்படியே இருக்கும், கைமட்டும் புசுபுசுவென்று நிற்கும். பழைய மாடலாகவும் தெரியாது, புது மாடலாகவும் தெரியாது. கழுத்தும் தோளும் சரியானால் பாதி வேலை முடிந்தது.

இறக்கமான கழுத்துக்கு வெட்டும்போது தோள் நழுவாமல் இருக்க ஷோல்டரைக் குறைத்து வெட்டுவோம். முழு ஷோல்டர் 14 அங்குலம் என்றால் பாதி 7 வர வேண்டும். அளவு வரைந்து வெட்டி வைத்திருக்கும் பேப்பரில் 6¼தான் இருக்கும். இந்தப் பேப்பரில் கழுத்தை மட்டும் மேலே ஏற்றினால் முதுகு இறுக்கிப் பிடிக்கும், கையைத் தூக்கினால் பிளவுஸே மேலே ஏறும். முதலில் 7க்குத் திரும்புங்கள். பின்கழுத்து 3, முன்கழுத்து 5, கழுத்து அகலம் பாதிக்கு 3. இதற்குப் பிறகுதான் பஃபுக்காக ஷோல்டரில் ½ அங்குலம் உள்ளே வாங்க வேண்டும். அப்படி வாங்காவிட்டால் சுருக்கம் தோள் எலும்பைத் தாண்டித் தொங்கும்.

கைக்குழியிலிருந்து கீழ்வரை தையல் ஓடி, முன்பக்கம் இரண்டு துண்டாக வரும் பிரின்சஸ் கட் பேப்பர் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். முன்துண்டையும் பக்கத்துண்டையும் தையல் கோட்டில், கைக்குழியிலிருந்து மார்புப் புள்ளி வரை ஒட்டுங்கள். கீழே ஆப்பு மாதிரி ஓர் இடைவெளி விரியும், அதுதான் டாட், மடித்துத் தைத்து மார்புக்கு வடிவம் கொடுக்கும் பிடிப்பு. அகலமாக இருந்தால் ஒரே டாட்டாகப் பிடிக்காதீர்கள், கூம்பு மாதிரி நிற்கும். இடுப்பு, நடு, கைக்குழி என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மார்புப் புள்ளிக்கு ¾ அங்குலம் முன்பே முடியுங்கள். உள்ளே வைத்துத் தைக்கும் கப் வேண்டாம். நீளத்தில் 1 அங்குலம் கூட்டி, கொக்கியை முன்பக்கம் கொண்டுவாருங்கள். கொக்கிப்பட்டிக்குத் துணி விட மறக்க வேண்டாம்.

இனி கை. நீளம் 6 அங்குலம் போதும். கைப் பேப்பரில் மேலிருந்து கீழாக நான்கு கோடு போட்டு வெட்டி, ஒவ்வொரு வெட்டையும் ¾ அங்குலம் விரித்து வேறு பேப்பரில் ஒட்டுங்கள். அகலத்தில் 3 அங்குலம் கூடும். மேல் வளைவின் நடுவை ¾ அங்குலம் உயர்த்தி வரையுங்கள். அகலத்தைக் கூட்டிவிட்டு உயரத்தை விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பஃப் எழும்பாமல் பக்கவாட்டில் இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். கீழே பட்டியில் சுருக்கி அடிப்பதால் அங்கும் ½ அங்குலம் இறக்குங்கள். கைச்சுற்று 11 என்றால் பட்டியைத் தையலுக்கும் சேர்த்து 12½ வெட்டினால் தைத்தபின் 11½ நிற்கும்.

சுருக்கத்துக்கு மிஷினில் தையல் நீளத்தை 4க்கு வைத்து, தையல் கோட்டுக்கு மேலும் கீழும் ஒவ்வொரு வரி ஓட்டி, பாபின் நூல்களை இழுங்கள். ஒரே வரி ஓட்டினால் சுருக்கம் மடிப்பு மடிப்பாகப் புரளும். ஷோல்டர் தையலுக்கு முன்னால் 2½, பின்னால் 2½ அங்குலத்துக்குள் சுருக்கம் முடிய வேண்டும், அக்குள் பக்கம் வரக்கூடாது. தைத்தபின் உள்விளிம்பைக் கைப்பக்கம் திருப்பி விடுங்கள், சுருக்கத்தின் மேல் இஸ்திரிப்பெட்டியை அழுத்தாதீர்கள்.

துணி விஷயம். கையால் முடிச்சுப் போட்ட சுங்குடி, முடிச்சு இருந்த இடங்களில் சுருங்கிக் கிடக்கும். அப்படியே அளந்து வெட்டினால், துவைத்து இஸ்திரி போட்டதும் துணி விரிந்து அளவு கெடும். ஆகவே தனியாக நனைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே கத்தரி வைக்க வேண்டும். சாயம் விடுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். 80 சென்டிமீட்டர் பிளவுஸ் பிட் இந்தக் கைக்குப் பற்றாது, 1 மீட்டர் வாங்குங்கள். ஏற்கெனவே பிட் கையில் இருந்தால் அக்குளில் ஒட்டுப் போடலாம், சேலைக்குள் யாருக்கும் தெரியாது.

புதுத்துணியில் கஞ்சி இருக்கும்வரை பஃப் கம்பீரமாக நிற்கும். இரண்டு துவையலில் படுத்துவிடும். மேல் வளைவுக்குள், மெல்லிய விறைப்பான ஆர்கண்டித் துணியில் 5 அங்குல நீளம், 1½ அங்குல அகலத்தில் ஒரு துண்டை மடித்துச் சேர்த்துத் தையுங்கள். மதுரை வெயிலுக்கு லைனிங் உடலோடு நிற்கட்டும், கைக்கு வேண்டாம்.

மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத் தூண்களுக்கு நடுவே இருந்த தையல் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கின்றன. தைக்கக் கொடுக்கிறீர்கள் என்றால் திருத்திய கைப் பேப்பரையும் துணியோடு சேர்த்துக் கொடுங்கள். "பஃப் வைங்கண்ணே" என்று வாயால் சொன்னால் தையல்காரர் கை பழகிய அளவில்தான் வரும்.