வலது மூக்குமடல்: வார்டு நாட்குறிப்பு

ஜூன் 9
அம்மாவின் வலது மூக்குமடலில் வெட்டி எடுத்த புண்ணின் பயாப்சி ரிப்போர்ட் வந்துவிட்டது. நாளை நெற்றித் தோலைத் திருப்பி மடல் கட்டப்போகிறோம், அம்மாதான் நோயாளி. பேசல் செல் கார்சினோமா, ஒரு வகைத் தோல் புற்று. வெட்டிய துண்டின் சுற்று விளிம்பும் அடி விளிம்பும் சுத்தம், அங்கே புற்று இல்லை. இந்தக் காகிதம் கைக்கு வராமல் நெற்றியில் கத்தி வைக்கக் கூடாது. மிச்சம் இருந்தால் புது மூக்குக்கு அடியில் ஒளிந்து வளரும், நெற்றித் தோலும் வீண். மூக்குத்திப் புண் என்று மஞ்சள் பூசியே காலம் போயிருக்கிறது.

ரத்த ஓட்டத்தைக் கேட்கும் டாப்ளர் கருவியில் வலது புருவத்தின் உள்முனையில் தமனிச் சத்தம் நன்றாகக் கேட்கிறது. முடி தாழ இறங்கிய நெற்றி. அதுதான் கவலை.

ஜூன் 10
வெளித்தோல், நடுத்தாங்கல், உள்தோல் மூன்றுமே இல்லை. மூக்குமடலில் பாதிக்கு மேல் போயிருந்ததால் மிச்சத் துண்டையும் எடுத்துவிட்டு முழு மடலாகவே கட்டினார்கள். ஒட்டுப் போட்டால் தழும்பு நடுவில் ஓடும். முழுசாக மாற்றினால் கன்னத்து மடிப்பில் மறைந்துவிடும்.

தையல்நூல் பாக்கெட்டின் ஃபாயிலை நன்றாக இருக்கும் இடது மடல்மேல் அழுத்தி அச்சு எடுத்து, அதைப் புரட்டி, நெற்றியில் தலைகீழாக வரைந்தார்கள். திருப்பும் அந்தத் தோல்தான் ஃப்ளாப்; புருவத்தோடு ஒட்டி நின்று அதற்கு ரத்தம் தரும் அடிப்பகுதி காம்பு. காம்பின் அகலம் 1.5 செ.மீ.க்குள். அதற்குமேல் போனால் ஃப்ளாப்பைத் திருப்பும்போது முறுக்கிக்கொண்டு ரத்தக்குழாய் நெரியும். காஸ் துணியின் ஒரு முனையைப் புருவத்தில் பிடித்து மூக்கு நுனிவரை அளந்து, அதே நீளத்தை மேலே திருப்பினால் முடிக்குள் போகிறது. போகட்டும். மூக்குக்குள் வளரும் மயிரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீளம் போதாமல் இழுத்துத் தைத்தால் நுனி கருகிவிடும்.

ஃப்ளாப்பின் நுனியை உள்ளே மடித்துத் தைத்ததுதான் இப்போதைக்கு உள்தோல். நெற்றியின் மேற்பகுதி மூடவில்லை, திறந்தே விட்டாயிற்று. வம்பாக இழுத்து மூடினால் புருவம் ஏறும். களிம்பு போட்டு ஈரம் காயாமல் வைத்தால் தானாக ஆறும்.

ஜூன் 11, அதிகாலை
ஃப்ளாப் நீலம். அழுத்திவிட்டால் ஒரு விநாடிகூட ஆகாமல் நிறம் திரும்புகிறது. ஊசி நுனியால் தொட்டால் கறுத்த ரத்தம். ரத்தம் உள்ளே வருகிறது, வெளியே போக வழியில்லை. வெளுத்து, குளிர்ந்து கிடந்தால்தான் தமனிக் கோளாறு, இது சிரை.

காம்பைச் சுற்றிய காஸ் ரத்தத்தில் ஊறி, காய்ந்து, வளையமாக இறுகியிருந்தது. அதை வெட்டி, இரண்டு தையலையும் எடுத்தபின் மெதுவாக வெளிர்சிவப்பு. இனி வாசலின் காஸ்தான், அதுவும் தளர்வாக. தலைமாட்டை 30 டிகிரிக்குக் கீழே இறக்க வேண்டாம்.

ஜூன் 12
மூக்குக்கண்ணாடி கூடாது. காம்பின் மேலேயே உட்காரும். மகளிடம் மறுபடி சொல்லியாயிற்று.

ஜூன் 15
ரவுண்ட்ஸில் எல்லாரும் வெளியே நிறத்தைப் பார்த்துவிட்டு நகர்கிறார்கள். உள்ளே யார் பார்ப்பது? டார்ச் அடித்துப் பார்க்க வேண்டிய இடம் அது. உள்தோல் செத்தால் அந்த இடம் தழும்பாகிச் சுருங்கி, அழகாக ஆறிய வெளித்தோலையும் மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். மூக்கு கெடுவது உள்ளேயிருந்துதான். இன்று சிவப்பாக இருக்கிறது.

ஜூன் 19
புது மூக்கில் ஈ உட்கார்ந்தது. அம்மாவின் கை நெற்றிக்குப் போனது. நரம்பும் காம்பு வழியாகத்தானே வருகிறது.

ஜூன் 24
திப்புவின் போரில் மூக்கறுபட்ட மாட்டுவண்டிக்காரர் கோவாஸ்ஜிக்குப் புனேயில் நெற்றித் தோலால் மூக்கு வைத்த செய்தி 1794-இல் லண்டன் பத்திரிகையில் வந்தது. மெழுகில் மூக்கு செய்து, அதைத் தட்டையாக்கி, நெற்றியில் வைத்து வரைந்தார்களாம். காம்பை வெட்டியது சுமார் 25-ஆம் நாள். துளை மூடாமலிருக்கத் துணித்திரி. உள்தோல் மட்டும் கிடையாது.

ஜூலை 1
இரண்டாம் கட்டம். மடித்த ஓரத்தை அறுத்து வெளித்தோலை மெல்லிசாகத் தூக்கியாயிற்று. மூன்று வாரத்தில் உள்தோல் சுற்றுப்புறத்திலிருந்து ரத்தம் வாங்கப் பழகிவிட்டது, காம்பு இல்லாமலே சிவப்பு. நடுவிலிருந்த கொழுப்பைச் செதுக்கி, காதுக் குருத்தெலும்பிலிருந்து சுமார் 5 மி.மீ. அகலத்தில் ஒரு பட்டை எடுத்து மடலின் ஓரத்தில் வைத்துத் தைத்தார்கள். இயற்கையில் மடல் ஓரத்தில் குருத்தெலும்பு இல்லை. கட்டிய மடலுக்கோ கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் மூச்சை இழுக்கும்போது மடல் உள்ளே ஒட்டும், தழும்பு அதை மேலே தூக்கும்.

ஜூலை 2
“ஆவணியில தம்பிக்குக் கல்யாணம் டாக்டர், நேத்தே காம்பையும் வெட்டியிருக்கலாமே?” என்று மகள் கேட்டார். நேற்றுத்தான் வெளித்தோலை அடியோடு பிரித்தோம். இன்று அதற்கு ரத்தம் தரும் ஒரே வழி அந்தக் காம்பு. இன்னும் மூன்று வாரம்.

ஜூலை 3
இளஞ்சிவப்பு. உள்ளேயும்.

ஜூலை 12
அம்மாவுக்குக் கல்யாணத்தைவிட மூக்குத்திதான் பெரிது. ஒரு வருஷமாவது போகட்டும், பிறகும் சர்ஜனைக் கேட்காமல் குத்த வேண்டாம். குருத்தெலும்பில் சீழ் பிடித்தால் பட்டை கரைந்து மடல் சரியும். ஒட்டுப் பொட்டும் வேண்டாம் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நெற்றிப் புண் காசு அளவுக்கு வந்துவிட்டது.

ஜூலை 20
நாளை மறுநாள் காம்பு வெட்டு. காம்பின் அடியை ரப்பர் குழாயால் இறுக்கிப் பார்த்தோம், நிறம் மாறவில்லை. உள்ளே டார்ச் அடித்தால் நாலைந்து மயிர். புருவ முனையைப் பழைய இடத்தில் சேர்க்கக் காம்பின் அடித்துண்டு கொஞ்சம் வேண்டும், முழுதும் வெட்டி எறிய வேண்டாம் என்று தியேட்டர் ஷீட்டில் எழுதியாயிற்று. இடது புருவத்தையும் மழிக்காமல் விடச் சொல்ல வேண்டும், அளவுக்கு அது வேண்டும்.