மெழுகு நூலும் ஆளுயர வெண்கலமும்

சிற்பி மீரா முகர்ஜியின் (1923–1998) வெண்கல உருவங்களில் மேலெல்லாம் ஓடும் கோடுகளை அலங்காரம் என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். வார்ப்புப் பட்டறையில் இருப்பவர்களுக்கு அவை வேலை. ஒவ்வொரு கோடும் முதலில் கையால் ஒட்டிய மெழுகு நூல்.

கொல்கத்தாக்காரர். 1950களில் மியூனிக்கில் படித்துத் திரும்பியவர், சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில், மெழுகு நூல் சுற்றி உலோக உருவம் வார்க்கும் டோக்ரா வார்ப்பாளர்களிடம் உட்கார்ந்து மறுபடி கற்றார்.

டோக்ராவில் உமி கலந்த களிமண்ணால் உள்கரு செய்வார்கள். அது காய்ந்தபின், இடியாப்பம் பிழிவதுபோல மெழுகைப் பிழிந்து நூலாக்கி, கருவின்மேல் இழை இழையாகச் சுற்றுவார்கள். மெழுகில் கலக்கும் குங்கிலியப் பிசின் கூடினால் நூல் வளைக்கும்போதே முறியும். குறைந்தால் வெயிலில் தொய்யும். நூலுக்கடியில் இடைவெளி இருந்தால் மண் புகுந்துவிடும். வார்த்தபின் அந்த இழை தூக்கிக்கொண்டு நிற்கும், தட்டினால் ஒடியும். மேலே முதல் பூச்சு சலித்த வண்டல் மண். கோட்டின் கூர்மை முழுக்க இந்தப் பூச்சில்தான் இருக்கிறது. அவசரப்பட்டு இதற்குக் கரடு மண்ணைப் பூசினால் அத்தனை உழைப்பும் போச்சு. பூச்சு காய்ந்தபின் அச்சைச் சுட்டால் மெழுகு உருகி வடியும். அது இருந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். பூச்சில் ஈரம் மிச்சமிருந்தால் உலோகம் ஊற்றும்போது ஆவி கிளம்பி அச்சு வெடிக்கும். ஆளுக்கே ஆபத்து.

சுவாமிமலையில் உள்ளே கரு வைக்காமல் முழுதும் உலோகமாகவே வார்ப்பார்கள்: ஒரு கிலோ மெழுகுக்குச் சுமார் ஒன்பது கிலோ உலோகம். ஓரடிச் சிலைக்கு அது சரி. அதையே ஆறடியாக்கினால் எடை 216 மடங்கு ஏறும். ஆகவே பெரிய உருவத்துக்கு உள்ளே கரு வைத்த வார்ப்புதான் வழி. ஆனால் டோக்ரா பெரும்பாலும் கைக்கடக்கமான உருவங்களுக்கே பழகிய முறை. அதன் நூல் வேலையை ஆளுயரத்துக்கும் மேலே ஏற்றியதுதான் மீராவின் துணிச்சல். டெல்லி மௌரியா ஓட்டலில் நிற்கும் 'கலிங்கத்தில் அசோகர்' அதற்குச் சாட்சி.

இந்த அளவில் சிக்கல்களும் பெரிதாகும். மெழுகு வடிந்ததும் கரு அந்தரத்தில் தொங்கும். குறுக்கே ஆணிகள் தாங்காவிட்டால் நகர்ந்து, ஒரு பக்கம் தகடு தடித்து மறுபக்கம் ஓட்டையாகும். தடித்த இடம் கடைசியில் இறுகும்போது உள்வாங்கிக் குழி விழும். மெல்லிய இடத்தில் உலோகம் பாதி வழியில் உறைந்து, இரண்டு ஓட்டங்கள் சேராமல் வெடிப்புக் கோடு தெரியும். அதனால் பகுதி பகுதியாக வார்த்துப் பற்றவைக்க வேண்டும்.

பற்றவைத்த இடத்தில்தான் நூல்கள் அறுந்து நிற்கும். வழவழப்பான சிலை என்றால் அரம் போட்டு ராவி மறைக்கலாம். இங்கே அரம் பட்டால் கோடே போய்விடும். உளியால் ஒவ்வோர் இழையையும் திரும்ப எடுத்து, எதிர்ப்பக்க இழையோடு சேர்க்க வேண்டும். இரண்டு இழைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் இணைப்பு வரும்படி முதலிலேயே பிரித்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம். எங்கே வெட்டுவது என்பதை உலை மூட்டுவதற்கு முன்பே, மெழுகு கையில் இருக்கும்போதே முடிவுசெய்தாக வேண்டும்.

மீராவின் மீனவர்கள், நெசவாளிகளில் நூல் ஓடும் திசையைக் கவனியுங்கள். முதுகு வளையும் பக்கமே இழையும் வளைகிறது. அலங்காரத்துக்கு ஒட்டியிருந்தால் அது எப்படி வேண்டுமானாலும் ஓடியிருக்கும்.