மொட்டை மாடிக்கும் மானியம் வேண்டும்

விஜயமங்கலம் பக்கம் எங்கள் ஊரில் 2020இல் வீடு கட்டினோம். முதல் சித்திரையில், ராத்திரி பத்து மணிக்குக் கட்டில் மேல் ஏறி சீலிங்கைத் தொட்டுப் பார்த்தால், இறக்கி வைத்த தோசைக்கல் மாதிரி சுட்டது. பகலெல்லாம் குடித்த வெயிலை கான்கிரீட் ராத்திரிதான் கீழே விடுகிறது, ஃபேன் போட்டால் அந்தச் சூடுதான் நம் மேல் இறங்கும். "ஓட்டு வீட்டுல இத்தனை புழுக்கம் இல்லியே கண்ணு" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். வேறு வழியில்லாமல் ஏசி வாங்கினோம். இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு முந்தைய யூனிட்டுகளுக்கும் சேர்த்தே விலை ஏறுகிறது, அது அப்புறம்தான் புரிந்தது.

மாடிக்கு வெள்ளை அடித்தால் வெயிலைத் திருப்பி விடும், சூடு கீழே இறங்காது என்று போன மாசியில் ஒரு பெரிய மேஸ்திரியைக் கூப்பிட்டேன். முதல் நாள் சாயங்காலம் டிரம்மில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார், அது புகைந்து கொதித்து ராத்திரியெல்லாம் அடங்கியது. காலையில் பழைய வேட்டியில் வடிகட்டி, பசை கலந்து, வெயில் ஏறும் முன் அவரும் இரண்டு சித்தாள்களுமாக மாடி முழுக்க அடித்தார்கள், மறுநாள் இன்னொரு கோட்டு. இந்தச் சித்திரையில் சாயங்காலம் ஆறு மணிக்குக் குழந்தைகள் வெறுங்காலோடு மாடியில் ஓடுகிறார்கள். ஏசியைப் பதினொரு மணிக்கு மேல்தான் போடுகிறோம், பில்லும் 500 யூனிட்டுக்குள் வந்துவிட்டது. மழையில் சுண்ணாம்பு கரையும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும், அது உண்மைதான். கூலிங் டைல்ஸ் ஒட்டினால் நாள்பட நிற்கும், ஆனால் செலவு ஜாஸ்தி.

"இந்த வேலைக்கெல்லாம் இப்ப ஆருங் தம்பி கூப்புடறாங்க?" என்று மேஸ்திரி கேட்டது இன்னும் மனதில் நிற்கிறது.

பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் சோலார் பேனலுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. நல்ல திட்டம், நானும் போடுவேன். ஆனால் பேனல் எங்கேயோ செய்து வருகிறது, மாட்டுகிறவர்கள் வந்த சுருக்கில் முடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மாடிக்கு வெள்ளை அடிக்கவும் டைல்ஸ் ஒட்டவும் இதில் ஒரு பங்கு கொடுத்தால், அந்தக் கூலி நம்மூர்க் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும்தான் போகும், அதுவும் வருஷா வருஷம். கூரை வழியாக எவ்வளவு சூடு இறங்கலாம் என்று 2018இலேயே வீடுகளுக்கு ஒரு விதித்தொகுப்பை மத்திய அரசு வெளியிட்டிருக்கிறது, 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்று பெயர். எங்கள் வீட்டுக்கு பிளான் போட்டவரும் சரி, அப்ரூவல் கொடுத்தவர்களும் சரி, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெலங்கானாவில் 2023இலேயே இந்த மாதிரி வெயிலைத் திருப்பி விடும் குளிர் கூரைக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்து, அரசுக் கட்டடங்களுக்குக் கட்டாயம் என்றே சொல்லிவிட்டார்கள். நம் பக்கம் தகரக் கூரைக்குக் கீழே தறி ஓட்டுகிறவர்களை நினைத்தால் இது எவ்வளவு அவசரம் என்று தெரியும்.

மே 1 கிராம சபையில் மனு கொடுக்கப் போகிறேன், முதலில் அங்கன்வாடிக்கு அடியுங்கள் என்று. மத்தியானம் அந்தக் கான்கிரீட்டுக்குக் கீழேதான் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறார்கள்.