நோயாளிக்காகப் பாடப்பட்ட இரவு

மனப்புண்களை ஆற்றிக்கொள்ளவும் தம்மைத் தாமே அறிந்துகொள்ளவும் தொல்குடி மக்களின் மருந்துச் சடங்குகளை நாடிக் கடல் கடந்து செல்வோர் இன்று பெருகியிருக்கிறார்கள். பெருவிலும் மெக்சிகோவிலும் நடக்கும் முகாம்களின் விளம்பரங்கள் என் கைப்பேசியிலும் வருகின்றன. போகலாமா என்று நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்டும் இருக்கிறார்கள். அச்சடங்குகளை மூடநம்பிக்கை என்று ஒதுக்க என்னால் இயலாது. அவற்றின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அந்த மதிப்பினாலேயே, தன்னைத் தேடும் பயணம் என்ற பெயரில் அவை விற்கப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது. மரியா சபீனா என்னும், மெக்சிகோவின் மசாடெக் தொல்குடியைச் சேர்ந்த மூதாட்டியின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இந்த வருத்தம் புரியும்.

தெற்கு மெக்சிகோவில், வஹாக்கா மாநிலத்தின் வடபகுதியில், மழைக்காலத்தில் முகில் இறங்கிக் கிடக்கும் மலைகளுக்கு நடுவே வாவுட்லா என்னும் ஊர் இருக்கிறது. அது மசாடெக் மக்களின் ஊர். ஒலியின் ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறும் அவர்களுடைய மொழியைச் சீழ்க்கையாலேயே பேசி, ஒரு சரிவில் நிற்பவர் எதிர்ச் சரிவில் நிற்பவரோடு உரையாடிவிட முடியும். 1894 இல் பிறந்த மரியா சபீனா, சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தாயோடும் தங்கையோடும் தாத்தா பாட்டியின் வீட்டில் வறுமையில் வளர்ந்தார். ஆடு மேய்க்கப் போன இடத்தில் பசி தாங்காமல், மனக்காட்சிகளை எழுப்பும் ஒருவகைக் காளான்களைப் பறித்துத் தின்றதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்பே, நோயுற்ற உறவினர் ஒருவருக்காகப் பெரியவர் ஒருவர் அதே காளான்களை உண்டு இரவெல்லாம் பாடியதை அவர் பார்த்திருந்தார். பல ஆண்டுகள் கழித்துத் தங்கை மரியா அனா கடுமையாக நோயுற்றபோது, அவரைக் காப்பாற்றுவதற்காகத் தாமே ஏராளமாக உண்டார். அந்த இரவில் ஒரு பெரிய புத்தகம் தமக்குக் காட்டப்பட்டது என்றும், எழுத்தறியாத தாம் அதைப் படித்தறிந்ததாகவும், தம் பாடல்கள் அனைத்தும் அதிலிருந்து வந்தவையே என்றும் அவர் கூறினார். அவரை மருத்துவச்சியாக்கியது தங்கையின் நோய்தான்.

சடங்கு எப்போதும் இரவில்தான் நடந்தது. வீட்டுக்குள், கத்தோலிக்கப் புனிதர்களின் படங்களும் மலர்களும் மெழுகுவத்திகளும் வைத்த ஒரு பலகையின் முன் குடும்பத்தார் பாய் விரித்து அமர்வார்கள். கலந்துகொள்பவர்கள் முன்னும் பின்னுமாக நான்கு நாட்கள் உடலுறவைத் தவிர்த்திருக்க வேண்டும். கொப்பால் என்னும் மரப்பிசினைத் தணலில் இட்டு, அந்தப் புகையில் காளான்களைக் காட்டிய பிறகே உண்பார்கள். காளான்கள் எப்போதும் இணை இணையாகத்தான் எண்ணித் தரப்படும். 1955 ஜூன் 29 ஆம் நாள் இரவில் நடந்த சடங்கில், வந்திருந்த அயலவருக்கு ஆறு இணைகளைத் தந்த மரியா சபீனா, தமக்குப் பதின்மூன்று இணைகளை எடுத்துக்கொண்டார். பிறகு பலகையிலிருந்த மலர்க்கொத்திலிருந்து ஒரு பூவைக் கிள்ளி, எரிந்துகொண்டிருந்த கடைசி மெழுகுவத்தியை அந்தப் பூவாலேயே அணைத்தார். அதன் பின் விடியும் வரை இருளில் பாட்டும் கைத்தட்டலும்தான்.

மிகுதியாக உண்பவர் மருத்துவச்சியே என்பது எனக்கு முதன்மையான செய்தியாகப் படுகிறது. நோயாளி உண்ணாமலும் இருக்கலாம். உண்டாலும் குறைவாகவே உண்பார். நோயின் காரணம் என்ன, அச்சத்தால் உயிர் உடலை விட்டு எங்கேனும் தங்கிவிட்டதா, இவர் பிழைப்பாரா என்ற கேள்விகளோடு குடும்பம் காத்திருக்க, அவற்றுக்கு விடை காண்பதற்காகவே மருத்துவச்சி அந்த இருளுக்குள் போய் வந்தார். நம் ஊர்களில் சாமியாடியிடம் குறி கேட்கப் போகிறவர்கள், பிள்ளையின் காய்ச்சல் ஏன் தணியவில்லை என்று கேட்பார்களே தவிர, சாமி வந்து ஆடும் அந்தப் பரவசத்தைத் தமக்கும் கொடு என்று கேட்பதில்லை. வாவுட்லாவிலும் அப்படித்தான் இருந்தது.

மரியா சபீனாவின் பாட்டை இசைத்தட்டில் பல முறை கேட்டிருக்கிறேன். நான் இன்ன பெண், இன்னின்ன பெண் என்று அடுக்கிக்கொண்டே போகும் அந்த வரிகளில், பாடுவது தாம் அல்லர், காளான்களே தம் வாயால் பேசுகின்றன என்ற உறுதி தொனிக்கிறது. 1958 ஜூலையில் பதிவு செய்யப்பட்ட மற்றோர் இரவு, நோயுற்ற ஓர் இளைஞனுக்காக நடந்தது. அவன் பிழைக்க மாட்டான் என்ற விடையே அன்று கிடைத்தது. பின்னர் அவன் இறந்தும் போனான். ஒரு குடும்பம் அந்தச் சொல்லைக் கேட்க நேர்ந்த இரவு அது என்பதை அறிந்த பிறகு, இத்தகைய பதிவுகளைத் தியானத்துக்கான பின்னணி இசையாக ஒலிக்கவிடுவதை நான் பொறுத்துக்கொள்ள முடியாதவனாகிவிட்டேன்.

இந்த வழக்கம் மிகப் பழையது. 16 ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவில் வாழ்ந்த ஸ்பானியத் துறவி பெர்னார்தினோ தே சாகுன், அங்குள்ளோர் காளான்களைத் தேனோடு சேர்த்து உண்டதை எழுதிவைத்திருக்கிறார். திருச்சபையின் கெடுபிடிகளுக்குப் பயந்து மலைகளுக்குள் ஒதுங்கிய சடங்கு, அந்தச் சபையின் புனிதர்களையே தன் துணைக்கு அழைத்துக்கொண்டு பல நூற்றாண்டுகள் உயிர் வாழ்ந்தது.

1955 இல் வந்த அயலவர், ஜே.பி. மார்கன் வங்கியின் துணைத் தலைவர் கார்டன் வாசன். ருஷ்யாவில் பிறந்த குழந்தை மருத்துவரான தம் மனைவி வாலென்டினாவோடு சேர்ந்து, காளான்களைப் பற்றிய மக்கள் நம்பிக்கைகளை நெடுங்காலம் ஆராய்ந்தவர் அவர். ஊர் அதிகாரி ஒருவர் அழைத்து வந்து நிறுத்தியதால் மரியா சபீனாவால் மறுக்க முடியவில்லை. தொலைவிலிருக்கும் மகனைப் பற்றிக் கவலையாக இருக்கிறது என்பதையே வாசன் தம் கேள்வியாக முன்வைத்தார். நோயோ கவலையோ இல்லாமல் இந்தக் கதவு திறக்காது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. 1957 மே 13 தேதியிட்ட லைஃப் இதழில் அவருடைய கட்டுரை படங்களோடு வெளிவந்தது. மரியா சபீனாவின் பெயரை அவர் மாற்றித்தான் எழுதினார்; ஆயினும் ஊரைக் கண்டுபிடிக்க நெடுநாள் ஆகவில்லை. இடையில் 1956 இல் வாசனோடு மெக்சிகோவுக்குப் போன குழுவில், அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வுக்காக வேலை செய்த வேதியியலாளர் ஜேம்ஸ் மூரும் இருந்தார். ஒரு மலைக்கிராமத்துக் குடிசையின் பாயில் அமர்ந்திருந்த பெண்ணை நோக்கி வங்கியும் உளவுத்துறையும் அச்சு இதழும் ஒரே காலத்தில் வந்து சேர்ந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

1960களில் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். நேரம் காலம் பார்க்காமல், நோயாளி யாரும் இல்லாமல், பகலிலும் தெருவிலும் காளான்களைத் தின்றார்கள். மெக்சிகோ அரசு படையை அனுப்பி வழியை மறித்தது. மரியா சபீனாவின் வீடு எரிக்கப்பட்டது. காவலர்கள் அவரைப் பிடித்து விசாரித்தார்கள். ஊரின் இரகசியத்தை விற்றவர் என்று சொந்த மக்களில் சிலரே அவரைத் தூற்றினார்கள். வாசன் வருவதற்கு முன் கடவுளைக் காண்பதற்கென்று மட்டும் யாரும் காளான்களை உண்டதில்லை என்றும், நோய் தீர்க்கவே அவை எப்போதும் உண்ணப்பட்டன என்றும், அயலவர் வந்தபின் அவை தம் ஆற்றலை இழந்துவிட்டன என்றும் அவர் முதுமையில் கூறினார். 1985 இல் வறுமையிலேயே இறந்தார்.

எனினும் அவர் அறிவியலுக்குக் கதவடைத்தவர் அல்லர். சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய வேதியியலாளர் ஆல்பர்ட் ஹோஃப்மன், 1958 இல் அந்தக் காளான்களிலிருந்து, மனக்காட்சிகளை எழுப்பும் வேதிப்பொருளான சைலோசைபினைப் பிரித்தெடுத்து, 1962 இல் அதை மாத்திரைகளாக வாவுட்லாவுக்கே கொண்டுவந்தார். மரியா சபீனா அவற்றை உண்டு ஓர் இரவு முழுவதும் பாடினார். காளானின் ஆவி மாத்திரையிலும் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். காளான் முளைக்காத மாதங்களிலும் இனி நோயாளிகளைக் கவனிக்க முடியும் என்று மகிழ்ந்தார். புதிய பொருள் கையில் வந்ததும் அவருடைய எண்ணம் நேரே நோயாளிகளிடம் போனதை நான் மறக்கவே மாட்டேன்.

அந்தச் சைலோசைபின் இன்று மனச்சோர்வுக்கான மருந்தாகப் பெரிய பல்கலைக்கழகங்களில் ஆராயப்படுகிறது. அமெரிக்காவின் ஆரிகன் மாநில மக்கள் 2020 இல் வாக்களித்து அதைக் கண்காணிப்போடு பயன்படுத்த வழி செய்தார்கள். 2023 இல் அங்கு மையங்கள் திறக்கப்பட்டன. மருந்தில்லாத துயரத்தோடு வாழ்பவர்களுக்கு அதனால் நன்மை விளைந்தால் நான் மகிழ்வேன். அந்த ஆய்வுகளில், மனப்பிறழ்வு நோய் தமக்கோ நெருங்கிய உறவினருக்கோ இருந்தவர்களைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை. விளம்பரம் பார்த்து முகாமுக்குப் புறப்படும் நண்பர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நமக்கு அருகிலேயே இதன் இன்னொரு முகமும் இருக்கிறது. கொடைக்கானலில் போதைக் காளான் என்று கள்ளத்தனமாக விற்கப்படுவதும் சைலோசைபின் உள்ள காளான்தான். அங்கே பாடுபவரும் இல்லை, காத்திருக்கும் குடும்பமும் இல்லை. வாங்கியது நச்சுக்காளானா என்று பார்த்துச் சொல்லும் கண்ணும் இல்லை. 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி சைலோசைபின் தடைசெய்யப்பட்ட பொருள் என்பதால், பிடிபடும் இளைஞர்கள் சிறைக்கும் போகிறார்கள்.

சடங்குக்கும் வெறும் போதைக்கும் உள்ள இந்த வேறுபாட்டைச் சட்ட வகையில் ஏற்றுக்கொண்ட ஓர் ஆவணம் உண்டு. உளப்பாதிப்புப் பொருட்கள் குறித்த 1971 ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, இத்தகைய பொருள் அடங்கிய தாவரங்கள் தானாக விளையும் நாடுகள், அவற்றைச் சமயச் சடங்குகளில் வழிவழியாகப் பயன்படுத்திவரும் சிறு குழுக்களுக்காக விலக்குக் கேட்க இடம் தந்தது. மெக்சிகோ தன் தொல்குடி மக்களுக்காக அந்த விலக்கைப் பெற்றது. அதன்படி, மசாடெக் மலைகளில் நோயாளியின் முன் அமர்ந்து மருத்துவச்சி உண்ணும் காளானுக்கு இடம் உண்டு. விமானம் ஏறி வரும் நமக்கு அந்த விலக்கில் பங்கு இல்லை.