இல்லாத இடைநிலைக்கு ஒரு பக்கம் எழுதினேன்

யாழ்ப்பாணத்தில் உயிர்இரசாயனவியல் படிக்கும் தம்பி தங்கையருக்கு, நான் புள்ளி இழந்த கதை இது.

வினாத்தாளில் ஒரு வரைபடம். மடிப்பைக் குலைக்கும் யூரியாவின் செறிவு கூடக்கூட ஒரு சிறிய புரதம் மடியும், குலையும் வேகம் எப்படி மாறுகிறது என்பதை மடக்கையில் குறித்திருந்தார்கள். இரண்டு நேர்கோடுகள், ‘வி’ வடிவம். குலைந்த நிலைக்கும் மடிந்த நிலைக்கும் நடுவே வரும் இடைநிலை பற்றி என்ன கூறுவீர் என்று கேள்வி. ‘உருகிய கோளம்’ எனப்படும் அரைகுறையாக மடிந்த இடைநிலை பற்றி மனப்பாடம் செய்திருந்த முழுவதையும் கொட்டிவிட்டேன். வேண்டியிருந்தது ஒரே வரி: தேங்கி நிற்கும் இடைநிலை தென்படவில்லை.

64 அமினோ அமிலங்கள் கொண்ட பார்லிப் புரதம் ஒன்று அப்படித்தான் மடிகிறது என்று 1991இல் ஃபெர்ஷ்ட்டின் ஆய்வுக்கூடம் காட்டியது. குறைந்த யூரியாவில் இடப்பக்கக் கோடு வளைந்து தாழ்ந்தால்தான் இடைநிலையைச் சந்தேகிக்க வேண்டும்.

குலைந்த புரதம் தானாகவே மீண்டும் மடியும் என்று காட்டிய அன்ஃபின்சனின் பரிசோதனையை வாசித்தால் மட்டும் போதாது, கணக்கையும் போட்டுப் பாருங்கள். அவர் எடுத்த ரைபோநியூக்கிளியேஸ் என்ற நொதியத்தில், இரண்டிரண்டாகக் கந்தகப் பிணைப்பால் சேரும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் எட்டு. சோடி சேரும் வழிகள் 7×5×3, அதாவது 105. யூரியாவுக்குள்ளேயே சோடி சேரவிட்டால் தெறி மாறிப் பூட்டிய சேட்டுப் போல ஆகிவிடும். நொதியத் தொழிற்பாடு ஏறக்குறைய 1 சதவீதந்தான். யூரியாவை நீக்கிச் சிறிதளவு மெர்காப்டோஎதனோல் சேர்த்தால் பிழையான சோடிகள் அவிழ்ந்து சரியானவை அமைகின்றன. இதற்காகவே 1972இல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது ஐதரசன் பரிமாற்றம். நான் இரண்டு தடவை குழம்பிய இடமும் அதுதான். முதலில், குலைந்த புரதச் சங்கிலியின் அமைட்டு (NH) ஐதரசன்களை, பாரமான ஐதரசனான தியூற்றீரியமாக மாற்றிவிடுகிறார்கள். சாதாரண நீரில் மடியத் தொடங்கிச் சில மில்லிசெக்கன் கழிந்ததும், கணநேரம் பீஎச்சை உயர்த்திப் பரிமாற்றத்தை விரைவுபடுத்துகிறார்கள். வெளியே நிற்பவை ஐதரசனாகிவிடும். ஐதரசன் பிணைப்புக்குள் ஒளிந்தவை தியூற்றீரியமாகவே இருக்கும். மடிந்து முடிந்தபின் அணுக்கருக் காந்தப் பரிவு அவற்றை ஒவ்வொன்றாக வாசிக்கிறது. எந்தப் பகுதி முந்தி மடிந்தது என்பது தெரிந்துவிடும். 1988இல் சைற்றோகுரோம் சி என்ற புரதத்தில் இப்படித்தான் இரு முனைச் சுருள்களும் முதலில் சேர்வதைக் கண்டார்கள். சொற்களில் எழுதாமல் மூன்று கட்டங்களாகப் படம் வரையுங்கள். எனக்குத் தெளிந்தது அப்படித்தான்.

மெதுவான கட்டம் ஒன்றைக் கண்டதும் இடைநிலை என்று பாய்ந்துவிடவும் வேண்டாம். குலைந்த நிலையிலேயே புரோலின் என்ற அமினோ அமிலத்தின் பிணைப்புத் தவறான பக்கம் திரும்பியிருந்தால், அது திரும்பி வரும்வரை அந்த மூலக்கூறுகள் காத்துத்தான் கிடக்கும். என் விடைத்தாளில் இரண்டாவது சிவப்புக் கோடு விழுந்த இடம் இது.