கொலையாளியைக் காட்டிக்கொடுக்காமல்

மர்ம நாவலை ருசித்துப் படிப்பது வேறு, நூலக வாசகர்களுக்காக அதை விமர்சிப்பது வேறு. இரண்டாவதற்கு ஒரு துண்டுத்தாளும் பென்சிலும் வேண்டும். புத்தகத்தில் கோடு போடக் கூடாது. ஒரே ஒரு அடிக்கோடு போதும், அடுத்து எடுப்பவருக்குத் துப்பு தெரிந்துவிடும். தாளில் பாத்திரப் பெயர், பக்கத்திலேயே உறுத்தலாகப்பட்ட இடத்தின் பக்க எண். முக்கால்வாசி வந்ததும் மூடி வைத்துவிட்டு யார், எப்படி, ஏன் என்று மூன்று வரி எழுதிவிட வேண்டும். எழுதாதவர்கள் முடிவைப் படித்த பிறகு "எனக்கு அப்பவே தெரியும்" என்பார்கள். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பவும் செய்வார்கள்.

முடித்த கையோடு முதல் அத்தியாயங்களுக்குத் திரும்ப வேண்டும். நாவலின் தரம் அங்கேதான் தெரியும். 1929இல் ஆங்கில மர்மக்கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்கு வகுத்த பத்து விதிகளில் முதலாவது, குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே வந்திருக்க வேண்டும் என்பது. மற்றவற்றில் சில பழசாகிவிட்டன, இது நிற்கிறது. கைதேர்ந்த எழுத்தாளர் துப்பை ஒளிப்பதில்லை, கூட்டத்தில் நிறுத்துகிறார். மேசைமேல் மூக்குக்கண்ணாடி, சாவிக்கொத்து, மருந்துச்சீட்டு, பாதி எழுதிய கடிதம். உடனே கடிதத்தை வைத்துச் சண்டை மூளும். மருந்துச்சீட்டை நாம் மறந்துபோவோம். இருநூறு பக்கம் தாண்டி அது வந்து நின்றால் நேர்மையான ஆட்டம். துப்பறிபவருக்கு மட்டும் வந்த ஒரு தொலைபேசித் தகவலால் முடிச்சு அவிழ்ந்தால், எத்தனை அதிர்ச்சி இருந்தாலும் அது ஏமாற்று வேலைதான்.

எழுதும்போது முதல் கால்வாசியைத் தாண்டிக் கதை சொல்லக் கூடாது. பின்னட்டையை நம்பியும் எழுதக் கூடாது. பாதிக் கதையைக் கொட்டிவிடும் பின்னட்டைகள் உண்டு. "எதிர்பாராத திருப்பம்" என்று எழுதினாலே பழகிய வாசகர் உஷாராகி, பரம சாதுவாக வருகிற ஆளைப் பார்த்ததுமே பிடித்துவிடுவார். இன்னொரு நாவலோடு ஒப்பிட்டால், அதைப் படித்தவருக்கு இதன் முடிவும் கிடைத்துவிடும். நூலகத்தின் நூற்பட்டியலில், புத்தகம் எதைப் பற்றியது என்று காட்டும் பொருள் தலைப்பு கொடுப்பவர்களும் கவனிக்க வேண்டும்: "இரட்டையர்", "ஆள்மாறாட்டம்" என்று போட்டால் வேறென்ன மிச்சம்?

வாசகருக்கு உண்மையில் உதவுபவை வேறு. விறுவிறுப்பா, நிதானமா? ரத்தம் எவ்வளவு? குழந்தைக்கோ விலங்குக்கோ தீங்கு வருகிறதா? தொடர் என்றால் எத்தனையாவது பாகம்? சில தொடர்களில் முந்தைய பாகத்தின் குற்றவாளியைப் பற்றி அடுத்ததில் சர்வசாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள்.

பிரதி திரும்பி வந்ததும் கடைசிப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று புரட்டிப் பார்ப்பது கட்டாயம். முன்பக்கத்தில் பாத்திரப் பட்டியல் இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். யாராவது ஒரு பெயரை வட்டமிட்டிருப்பார். பென்சிலானால் அழித்துவிடலாம். பேனாவானால் மற்ற எல்லாப் பெயர்களுக்கும் அதே மையில் வட்டம் போட்டு அடுக்கில் வைக்க வேண்டியதுதான்.